பதினான்காம் பலகையில் தாவிய ராஜா

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வலது முழங்காலின் மேல் சத்தியம். இடது முழங்கால் பிறவியிலேயே வந்தது. எண்பத்தாறு வருடம் உழைத்து ஓய்ந்துவிட்டது. அதன் மேல் செய்யும் சத்தியத்துக்கு மதிப்பில்லை. வலது போன வைகாசியில் புதிதாகப் போட்டது, பத்து வருட உத்தரவாதம் உண்டு. நான் பொய் சொன்னால் அது மக்கர் பண்ணட்டும்.

என் பெயர் மாசிலாமணி. தூத்துக்குடியில் இந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. 'மாஸ்கோ' என்று சொல்லிப் பாருங்கள், ஓட்டுநர் இல்லாத ஆட்டோகூட நேராக எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடும்.

1985இல் ஒரு சோவியத் சரக்குக் கப்பல் எஞ்சின் கோளாறாகி எங்கள் துறைமுகத்தில் ஒன்பது நாள் நின்றது. அதில் அர்க்காதி என்று ஓர் என்ஜினியர். ஆறடி நாலங்குலம், நகக்கண்ணெல்லாம் கிரீஸ், ஆனால் சதுரங்கத்தில் மாஸ்டர் பட்டம் வாங்கியவர். எங்கள் முத்துநகர் சதுரங்க மன்றத்தார் அந்த மனிதரைப் பிடித்துவந்து ஒரே நேரத்தில் இருபது பேரோடு ஆடச் சொன்னார்கள். இருபது மேசையை வட்டமாகப் போட்டு இருபது பேரும் உட்கார்ந்திருப்போம். அவர் ஒவ்வொரு மேசையாக நடந்து வருவார். நம் முன் வந்து நிற்கும்போது நாம் நமது காயை நகர்த்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல்வி. பத்தொன்பது பேர் தோற்றார்கள். பதினான்காம் பலகையில் இருந்த இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் மட்டும் டிரா செய்தான். அது நான்.

டிரா என்றால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இதை அன்று மாலையே எல்லோரிடமும் தெளிவாகத்தான் சொன்னேன். அடுத்த தெருவுக்குப் போவதற்குள் அது வெற்றியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது நான் சோவியத் யூனியனையே தோற்கடித்திருந்தேன். ஊராரைத் திருத்த வேண்டும் என்றுதான் இருந்தேன். சமயம் வாய்க்கவில்லை. அறுபத்து நாலு வருடமாக வாய்க்கவில்லை.

அந்த ஆட்டத்தால் எனக்கு ஓர் உப்பு கம்பெனியில் விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. சதுரங்கப் பைத்தியமான ஒரு மாமனார் கிடைத்தார். அவர் வழியாக ஞானப்பூ என்ற மனைவி கிடைத்தாள். அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் தோற்றேன் என்பது தற்செயல்.

தொடுமானி மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்தப் புகழோடே போய்ச் சேர்ந்திருப்பேன்.

தொடுமானியைப் பற்றி இந்த 2049இல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் என்னைப்போல நாலு கிழவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். மரத்தைத் தொட்டால் மரம் அதை மறப்பதில்லையாம். விரலின் வேர்வை, சூடு, அழுத்தம் எல்லாம் இழைக்குள் இறங்கி அடுக்கடுக்காகப் படிந்துவிடுமாம். அந்த அடுக்குகளைப் பிரித்து வாசிக்கிற கருவிதான் தொடுமானி. கதவையும் மேசையையும் வாசித்தால் வெறும் இரைச்சல்தான் வரும். சதுரங்கக் காய் அப்படியில்லை. முப்பத்திரண்டே காய், ஒவ்வொன்றுக்கும் போகத் தெரிந்த வழி இவ்வளவுதான், ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கலாம். ஆகவே உலகத்தில் இருந்த பழைய மரக்காய்கள் எல்லாம் வாயைத் திறந்தன.

முதலில் ஒரே கொண்டாட்டம். இருக்காதா? நம் நாட்டில் பிறந்த ஆட்டம். யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையோடு புறப்பட்டு, பாரசீகம் போய், அரபு நாடுகளைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. போன இடத்தில் மந்திரியாக இருந்தவர் ராணியாகிவிட்டார். யானை பாதிரியார் ஆனது. நான் குறையாகச் சொல்லவில்லை. வெளிநாடு போய் அத்தனை வருடம் இருந்தால் யாரும் கொஞ்சம் மாறத்தான் செய்வார்கள். ஆயிரத்தைந்நூறு வருடமாக எத்தனை கோடிப் பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் ஒருவரை ஒருவர் கொன்றிருக்கிறார்கள்! அவர்களுடைய ஆட்டங்கள் எல்லாம் திரும்பக் கிடைக்கப்போகின்றன என்று பத்திரிகைகள் எழுதின.

கிடைத்தன. கிடைத்த பிறகுதான் தலைவலி.

ஏதோ ஒரு சமஸ்தானத்து அரண்மனைப் பலகையை வாசித்தார்கள். ராஜா ஆயிரத்து நூற்று நாற்பது ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்தார். எதிரே ஆடியவர் அவருடைய திவான். வெட்டுவதற்காகப் போன திவானின் விரல் ஒவ்வொரு முறையும் காயின் மேல் நின்று யோசித்துவிட்டு, வேறு ஏதாவது ஒரு காயை எடுத்திருக்கிறது. ஒரே ஒரு நாள் ஞாபகமறதியாக வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த விரல் அந்தப் பலகையில் இல்லை.

அரண்மனைக் கதை என்றால் ரசிக்கலாம். பிறகு வீட்டுப் பலகைகளை எடுத்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பாளையங்கோட்டையில் ஒரு கணவன் மனைவி, முப்பது வருடமாக ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருமே தோற்கப் பார்த்ததால் ஒவ்வோர் ஆட்டமும் நாலு மணி நேரம். அவர்களாவது சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மதுரையில் ஒரு டாக்டர், தனக்கு ஏழு வயதாக இருந்தபோது தன்னிடம் தோற்ற தகப்பனார் வேண்டுமென்றே தோற்றார் என்று தெரிந்ததும் வழக்குப் போட்டார். "அன்று நான் ஜெயித்தேன் என்று நம்பித்தான் எல்லாவற்றுக்கும் துணிந்தேன். இப்போது எதை நம்பிக் கத்தியை எடுப்பது?" என்பது அவருடைய வாதம். அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தினார்கள். குழந்தை இருக்கிற வீடுகளில் மரப்பலகை பரணுக்குப் போய், பிளாஸ்டிக் வந்தது. பிளாஸ்டிக் ஊமை. அதில் எதுவும் ஏறாது. தொடுமானியை வைத்தால் திரை வெறுமையாக இருக்கும். பெற்ற பிள்ளையிடம் தோற்பதற்குக்கூட மனிதனுக்கு ஒரு மறைவு தேவைப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மன்றத்தின் புதிய அரங்கத்துக்கு என் பெயரை வைப்பதாக முடிவு செய்தார்கள்.

மன்றத் தலைவர் சுயம்பு. என் வயதுதான். அன்று பதினைந்தாம் பலகையில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தோற்றவர். உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவர். அர்க்காதியோடு நான் ஆடிய செட்டை மன்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். ஈட்டி மரத்தில் கடைந்தது என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது. குடியரசு தினப் போட்டிக்கு முன்னால் வருடாவருடம் சுயம்புதான் அதற்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடிப்பார். அறுபத்து நாலு வருடம், அறுபத்து நாலு கோட்டு. குதிரை முதலில் கன்றுக்குட்டி ஆனது. இப்போது உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை சுயம்பு வீட்டுக்கு வந்தார்.

"வே மாஸ்கோ, வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வாராங்க."

"எனக்கு முழங்கால் நல்லாத்தானே வே இருக்கு."

"உம்ம முழங்கால யாரு கேட்டா? தொடுமானி டாக்டரம்மா. பெர்பெத்துவா மச்சாடோ. அந்த மெஷினைக் கண்டுபிடிச்சவங்களே நேரா வாராங்க. நம்ம ஊருப் பிள்ளைதான்."

"எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை உம்ம பேரை வைக்கோம்லா. சான்று இல்லாம பேரு வைக்கக் கூடாதுன்னு செஸ் சம்மேளனத்துல சொல்லிட்டாங்க. நான்தான் மனுப் போட்டேன்."

"நீரா போட்டீரு?"

"நான்தான். உண்மை தெரியட்டுமே வே."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். அறுபத்து நாலு வருடப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1985இல் அந்த ஆட்டத்தன்று மத்தியானம் பதற்றத்தில் ஏழு பரோட்டா தின்றிருந்தேன். இருபத்தெட்டாவது நகர்த்தலுக்குள் என் ராஜா மூலையில் ஒண்டிவிட்டது. அடுத்த நடையில் மேட், தப்ப வழியே இல்லை. அர்க்காதி பதினோராம் பலகையில் நின்றார். அப்போது என் வயிறு ஒரு முடிவெடுத்தது. ஓடினேன். திரும்பி வந்தபோது அர்க்காதி என் மேசை முன் நின்றுகொண்டிருந்தார். என் ராஜா மூலையில் இல்லை. இரண்டு கட்டம் முன்னால், ஒரு கட்டம் பக்கத்தில், வெட்டவெளியில் காற்று வாங்கிக்கொண்டு நின்றது.

ராஜா ஒரு தடவைக்கு ஒரு கட்டம்தான் போகும். நான் கழிப்பறையில் இருந்த நேரத்தில் என் ராஜா குதிரை மாதிரித் தாவியிருந்தது. அர்க்காதி கையை நீட்டினார். மொழிபெயர்ப்பாளர் "டிரா" என்றார். 'ஐயா, இது நான் நகர்த்தியது இல்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தேங்க்யூ" என்றுதான் வந்தது.

இதை ஞானப்பூவிடம் கூட நான் சொன்னதில்லை. சுயம்பு வந்துபோன அந்தத் திங்கட்கிழமைதான் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ரஷ்யாவை ஜெயிச்ச மாப்பிள்ளைன்னுதான் எங்கப்பா என்னைக் கட்டிக்கொடுத்தாரு. மெஷின் வேற மாதிரி சொன்னா நான் இப்ப எங்கப்பா வீட்டுக்குப் போவணுமா?"

"அப்படி இல்ல ஞானம்…"

"அந்த வீட்டை இடிச்சே முப்பது வருஷமாச்சு. பேசாம இரும்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் பெர்பெத்துவா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தொடுமானி ஒரு பெரிய டிபன் கேரியர் அளவுதான் இருந்தது. மேசையில் வைத்து, திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் சுயம்பு. இரண்டு பேரும் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

"பெயின்ட் ரொம்ப இருக்கும்மா," என்றார் சுயம்பு. "நான்தான் அடிச்சேன்."

"பரவாயில்ல தாத்தா. எத்தனை கோட்டு இருந்தாலும் கருவி உள்ள போயிரும். உள்ள மரம் இருந்தாப் போதும்."

"ஒண்ணு கேக்கலாமா? எதுக்கும்மா இப்படி ஒரு மெஷினைச் செஞ்சீங்க? ஊர்ல பாதி வீடு ரெண்டாப் போச்சே."

அவர் ஒயரைச் செருகிக்கொண்டே சொன்னார். "எங்கப்பா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் என்கூட செஸ் ஆடுவாரு. எப்பவும் நான்தான் ஜெயிப்பேன். அவர் செத்த பொறகு அந்தப் பலகையைப் பாத்துக்கிட்டே இருப்பேன். நிஜமாவே ஜெயிச்சேனான்னு தெரியணும் போல இருந்துச்சு. பதினாலு வருஷம் ஆராய்ச்சி பண்ணி இதைச் செஞ்சேன்."

"தெரிஞ்சுதா?"

"முந்நூத்திப் பன்னெண்டு ஆட்டம். முந்நூத்தி ஒம்பதுல வேணும்னே தோத்திருக்காரு. ஜெயிக்கிற காய்மேல விரலை வைப்பாரு. பதினோரு நொடி அப்படியே இருக்கும். அப்புறம் வேற காயை எடுத்திருவாரு. எப்பவும் அதே பதினோரு நொடி."

"மிச்சம் மூணு?" என்றேன்.

"அந்த மூணுல நிஜமாவே ஜெயிச்சிருக்கேன் தாத்தா. அதனாலதான் இந்த மெஷினை இன்னும் தூக்கிக் கடல்ல போடாம வச்சிருக்கேன்."

கறுப்பு ராஜாவை எடுத்துக் கருவிக்குள் வைத்தார். திரையைப் பார்த்தார். ஒயரைக் கழற்றித் திரும்பச் செருகினார். ராஜாவை வெளியே எடுத்து, ஒரு குதிரையை வைத்தார். பிறகு ஒரு சிப்பாய். பிறகு மறுபடியும் ராஜா.

"என்னம்மா?" என்றார் சுயம்பு.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இரண்டு கிழவர்கள் வேர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார்.

"ஒண்ணுமில்ல. பழைய காய்லா, நேரம் எடுக்கும். அதுவரைக்கும் அன்னைக்கு நடந்ததை நீங்க ஒரு தடவை சொல்லுங்களேன். ஒப்பிட்டுப் பாக்க வசதியா இருக்கும்."

நான் ஆரம்பித்தேன். எத்தனையோ ஆண்டு விழாவில் சொன்ன கதை. தொண்டையில் நாடா மாதிரி ஓடும். கப்பல், அர்க்காதியின் கிரீஸ் படிந்த பெரிய விரல் எல்லாம் சொல்லி, இருபத்தேழு நகர்த்தலையும் ஓட்டிவிட்டேன். இருபத்தெட்டில் நாடா அறுந்தது.

"இருபத்தெட்டுல?" என்றார் டாக்டர்.

"இருபத்தெட்டுல… வந்தும்மா… ராஜாவை…"

"நான் சொல்லுதேன்," என்று சுயம்பு எழுந்து நின்றார். "நகட்டினது இவரு இல்ல. நான்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் இந்தத் தடவை காலண்டரைப் பார்க்கவில்லை.

"வயித்தைப் பிடிச்சிக்கிட்டு ஓடிட்டீரு. அவன் பன்னெண்டுக்கு வந்துட்டான். பதிமூணுக்கு வந்துட்டான். உம்ம நாற்காலி காலியாக் கெடக்கு. வந்து நின்னான்னா தோல்வின்னு எழுதிருவான். உம்ம ராஜா மூலையில கெடந்து முழிக்கான். எங்க உப்பளத்துல சிப்பிய வச்சு ஆடுவோம்லா, அதுல ராஜா ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். ஆட்டத்துக்கு ஒரே தடவை. எங்கப்பா அப்படித்தான் ஆடுவாரு, அவங்கப்பாவும் அப்படித்தான். உலகம் பூரா அதுதான் சட்டம்னு நெனச்சேன். எடுத்து வச்சிட்டேன்."

"அப்புறம்?" என்றார் டாக்டர்.

"அடுத்தவன் பலகையில கை வச்சிட்டோமேன்னு பயம். தலையக் குனிஞ்சிக்கிட்டேன். அவன் வந்து நின்னது தெரியும், பூட்சு தெரிஞ்சுது. என்ன பண்ணினான்னு பாக்கல. நிமிந்தா, இவரு கை குலுக்கிக்கிட்டு நிக்காரு."

"ஏன் வே எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். ராஜா தாவக் கூடாதுன்னு ஒரு மாசம் கழிச்சுப் புஸ்தகத்துல பாத்தேன். அதுக்குள்ள உமக்கு வேலை கெடச்சாச்சு, கல்யாணமும் பேசியாச்சு. பந்தக்கால் நட்ட வீட்டுல வந்து, வே உம்ம டிரா செல்லாதுங்கவா?"

"அதுக்காக அறுபத்து நாலு வருஷமா மறைச்சீரா?"

"நீரு மட்டும் யோக்கியரோ? வந்து பாக்கீரு, ராஜா வேற எடத்துல நிக்கான். என்னன்னு நெனச்சீரு? அவனுக்கும் வயித்தக் கலக்கி எந்திரிச்சுப் போனான்னா?"

சுயம்பு விடவில்லை.

"அந்த டிரா என்னோடது வே! நான் பதினஞ்சாம் பலகையில எதனால தோத்தேன்? உம்ம ஆட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்ததுல என் ராணிய விட்டுட்டேன். வருஷா வருஷம் நீரு மாலையப் போட்டுக்கிட்டு மேடையில நிப்பீரு, நான் கீழ நின்னு பெயின்ட் அடிப்பேன். நானாச் சொன்னா பொறாமைன்னுவாங்க. மெஷின் சொல்லட்டும்னு மனுப் போட்டேன். போட்ட நாள்லேருந்து சோறு எறங்கல. உம்ம பேரு நாறிரும்னு எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எண்பத்தாறு வயதில் ஒரு மனிதன், தான் செய்த ஒரே ஒரு திருட்டுத்தனத்துக்கு உரிமை கொண்டாட முடியாமல் தவித்துக்கொண்டிருக்கிறான். அந்தத் திருட்டுத்தனத்தில் நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"கெடச்சிருச்சு தாத்தா." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாக வாசித்தார். "இருபத்தெட்டாவது நகர்த்தல். கறுப்பு ராஜா. ரெண்டு கட்டம் முன்ன, ஒரு கட்டம் பக்கத்துல. மாசிலாமணித் தாத்தா விரல் இல்ல. சுயம்புத் தாத்தா, நீங்கதான்."

சுயம்பு பெருமையாக நிமிர்ந்தார். அடுத்த கணமே பயந்து என்னைப் பார்த்தார்.

"விதிமீறல்னு எழுதுவீங்களாம்மா?" என்றேன்.

"அதுக்கு முன்ன ஒண்ணு தெரியணும். அதுவரைக்கும் உங்க ராஜாவுக்குச் செக் விழுந்திருந்ததா?"

"ஏம்மா?"

"சுயம்புத் தாத்தா சொல்றது அளத்துச் சட்டம் மட்டும் இல்ல. அந்தக் காலத்துல நம்ம நாட்டுல பல ஊர்ல ராஜா ஒரு தடவை தாவலாம். ஆனா ஒரு தடவை செக் வாங்கிட்டா தாவக் கூடாது. மேற்க போனதுக்கப்புறம் அந்தத் தாவலைத்தான் அவங்க அடக்கி ஒடுக்கி, தேரையும் சேத்துக்கிட்டு, கோட்டை கட்டுறதுன்னு மாத்திட்டாங்க. இங்கேருந்து போன ராஜாவுக்கு வழியில தாவ மறந்துபோச்சு. அளத்துல இருந்தவருக்கு மறக்கல."

எனக்கு ஞாபகமில்லை. என் ஆட்டத்தை நானே சரியாகக் கவனித்திருந்தால் அந்த நிலைக்கு வந்திருக்க மாட்டேன். சுயம்புதான் சொன்னார்:

"ஒரு செக்கும் விழல. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்! விழுந்திருந்தா நான் தாவ விட்டிருப்பேனா?"

டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். "ஆமா," என்றார். "விழல. அப்போ நம்ம பழைய சட்டப்படி செல்லும்."

நாங்கள் மூச்சு விட்டோம்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார். "அதுக்கப்புறம் அந்த ராஜாவை வேறொருத்தர் தொட்டிருக்காரு. பெரிய விரல். எண்ணெய்ப் பிசுக்கு. மேல தூக்கியிருக்காரு. பதினோரு நொடி கையிலயே வச்சிருக்காரு. அப்புறம் சுயம்புத் தாத்தா வச்ச எடத்துலயே திரும்ப வச்சிருக்காரு."

பதினோரு நொடி. எங்கேயோ கேட்ட கணக்காக இருந்தது. என் வயதில் எல்லாமே எங்கேயோ கேட்டதுதான்.

"அப்படின்னா, அவனுக்குத் தெரியும்," என்றார் சுயம்பு.

"தெரியும்."

"மூலையில கொண்டு வச்சுட்டு மேட் குடுத்திருக்கலாம்லா?"

"குடுத்திருக்கலாம். குடுக்கல." டாக்டர் தயங்கினார். "ஆட்டம் பொறந்த நாட்டுக்கு வந்திருக்கோம், இவங்க ராஜா தாவும் போலன்னு நெனச்சிருக்கலாம். இல்ல, ஒரு நாற்காலி காலியா இருக்கு, பக்கத்துல ஒரு பையன் தலையக் குனிஞ்சு நடுங்கிக்கிட்டு இருக்கான், அதைப் பாத்திருக்கலாம். அது கட்டையில ஏறாது தாத்தா."

சுயம்பு துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் கவலைப்பட்டு எட்டிப் பார்த்தேன். இரண்டும்தான்.

டாக்டர் சான்றிதழில் எழுதியது இது: 'பதினான்காம் பலகை, டிரா. உள்ளூர் வழக்குப்படி செல்லும். ஆடியவர்கள்: மாசிலாமணி, சுயம்பு.'

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஞானப்பூவிடம் சொன்னேன்.

"அப்போ எங்கப்பா எனக்குப் பாத்த மாப்பிள்ளை சுயம்பு அண்ணனா?"

அன்றைக்குக் கீரையை நானே ஆய்ந்தேன்.

சனிக்கிழமை பெயின்டரைக் கூப்பிட்டு அரங்கத்தின் பெயர்ப் பலகையில் சுயம்பு பெயரையும் சேர்க்கச் சொன்னேன். சுயம்பு ஒரே பிடிவாதம்: நகர்த்தியது அவர் என்பதால் அவர் பெயர்தான் முதலில் வர வேண்டுமாம். மாஸ்கோ என்று கூப்பிடுவதையாவது எனக்கே விடும் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை 'சுயம்பு மாசிலாமணி அரங்கம்' திறந்தது. அது ஒரே ஆளின் பெயர் என்று நினைத்து, அவர் யார், அவருடைய தகப்பனார் யார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் டாக்டர், "தாத்தா, அந்தச் செட்டுலயே என்கூட ஒரு ஆட்டம் ஆடுறீங்களா?" என்றார்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்தோம். எனக்குக் கறுப்பு. சுயம்பு என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லாமல் இருக்க முடியாதபோதெல்லாம் "ம்ஹும்" என்றார். நான் இரண்டு கையையும் பலகையிலேயே வைத்திருந்தேன். அந்த மனிதரை நம்ப முடியாது. முப்பத்தொன்றாவது நகர்த்தலில் டாக்டரின் ராணி என் குதிரை தாவும் கட்டத்தில் வந்து நின்றது. வெட்டினேன். இரண்டு நடையில் ஆட்டம் முடிந்தது. நான் ஜெயித்துவிட்டேன். 2031க்குப் பிறகு முதல் வெற்றி.

"வேணும்னே தோத்தீங்களாம்மா?" என்றேன்.

"சந்தேகமா இருந்தா மெஷினை வச்சுப் பாருங்க தாத்தா," என்றார் டாக்டர் சிரிக்காமல்.

காய்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கும்போது சுயம்புவின் கையிலிருந்து கறுப்பு ராஜா நழுவி மொசைக் தரையில் விழுந்தது. மூன்று தடவை துள்ளியது. டாக்டர்தான் சட்டென்று குனிந்து எடுத்தார். அடிப்பக்கத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு சுயம்புவின் கையில் கொடுத்தார்.

"ஜனவரி வரைக்கும் காத்திருக்காதீங்க. இந்த வாரமே இன்னொரு கோட்டு அடிச்சிருங்க."

அவர் ஊருக்குப் போன மறுநாள், மன்றத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பெட்டியைத் திறந்து ஒவ்வொரு காயாக எடுத்து அடியில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சுயம்புவிடம் இன்னும் சொல்லவில்லை. என் வலது முழங்கால் நன்றாகவே இருக்கிறது.

முப்பத்திரண்டு காய்களும் பிளாஸ்டிக்.